கண்ணாடிக்குள் இருந்த குறை



மத்ரஸாவில் பாடம் நடத்தும் ஒருவனுக்கும் துப்பாக்கியில் பொருத்தும் தொலைநோக்கிக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வியக்கக்கூடும். 2018ஆம் ஆண்டு ரமலான் விடுமுறையில், இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் வாழும் என் காக்காவின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். பதினெட்டு ஆண்டுகளாக நான் பிறருக்குக் கற்பித்து வந்த ஒரு பாடத்தை, அங்கே நான் கற்க வேண்டியதாயிற்று. அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பர்மிங்ஹாம் துப்பாக்கித் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். அவ்வூர்த் துப்பாக்கி வினைஞர்கள் 1861இல் ஒன்றுகூடித் தொடங்கியதுதான் பி.எஸ்.ஏ. நிறுவனம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அது ஏர் ரைபிள் எனப்படும் காற்றுத் துப்பாக்கிகளையும் செய்தது. வெடிமருந்து இன்றி, அழுத்தப்பட்ட காற்றின் விசையால் சிறு ஈயக்குண்டைச் செலுத்தும் கருவி அது. இங்கிலாந்தில் 12 அடி-பவுண்டு ஆற்றலுக்கு மேற்படாத காற்று ரைபிளை வயது வந்தோர் உரிமம் இல்லாமலே வைத்துக்கொள்ளலாம். அட்டையில் வட்டம் வரைந்து குறிபார்த்துச் சுடுவது அங்கே பலருக்குப் பொழுதுபோக்கு.

என் காக்கா சுடுகிறவர் அல்லர். அந்த ரைபிள்களின் மேல் பொருத்தும் பழைய தொலைநோக்கிகளில்தான் அவருக்கு ஈடுபாடு. ஸ்கோப் என்பது அதன் பெயர். கடைக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமைகளில், திறந்த வெளியில் கூடும் பழம்பொருள் சந்தைகளுக்குச் சென்று அவற்றை வாங்குவார்; துடைத்துச் செம்மை செய்து விற்பார். ஊரில் வாப்பா பழைய கடிகாரங்களைப் பழுது பார்த்த கை அவருக்கு வாய்த்திருக்கிறது.

"தம்பி, வெளிப்பளபளப்பைப் பார்த்து மயங்கிவிடாதே" என்று தொடங்கினார். பழைய ஸ்கோப்பின் மேல் புதிதாய்க் கருமை பூசியிருந்தால், சேகரிப்போர் அதற்குக் குறைந்த விலையே தருவார்களாம். தேய்ந்திருந்தாலும் பழைய பூச்சே மேல்.

அடுத்து எண்களைக் கற்பித்தார். 4x20 என்றிருந்தால், உருவம் நான்கு மடங்கு பெரிதாகத் தெரியும். முன்கண்ணாடியின் விட்டம் 20 மில்லிமீட்டர். இருபதை நான்கால் வகுத்தால் வரும் ஐந்து மில்லிமீட்டரே கண்ணை வந்தடையும் ஒளிக்கற்றையின் அகலம். 4x32 என்றால் அது எட்டாகும். மங்கிய மாலையிலும் காட்சி தெளியும்.

கண்ணாடியைச் சற்றே சாய்த்துப் பார்க்கச் சொன்னார். நீலமோ ஊதாவோ சாயலாகத் தெரிந்தால் அது ஒளி தெறித்து வீணாவதைத் தடுக்கும் மெல்லிய பூச்சு. ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா என்பவர் 1935இல் உருவாக்கிய முறை அது. சாயலே இல்லையென்றால், பொருள் மிகப் பழையதாகவோ மலிவானதாகவோ இருக்கும்.

பின்பு திருகுகளைத் திருப்பி, உள்ளிருக்கும் குறுக்குக் கம்பி நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய ஸ்கோப்புகள் சிலவற்றில் சரிசெய்யும்போது அந்தக் கம்பியே நடுவிலிருந்து விலகிப் போகும். அது பழுது அன்று, அக்காலத்து அமைப்பு. பழுதுக்கும் பழமைக்கும் வேறுபாடு அறியாதவன் நல்ல பொருளையும் கழித்துவிடுவான்.

வேறொரு செய்தி எனக்குப் பெரும் வியப்பளித்தது. வில்சுருள் அமைந்த காற்று ரைபிள் வலிமை குறைந்ததுதான். ஆயினும் பெரிய துப்பாக்கிகளுக்கென்று செய்த ஸ்கோப்பை அது உடைத்துவிடக்கூடும்! சுருள் விடுபட்டு உள்ளிருக்கும் பிஸ்டன் முன்னே பாயும்போது ரைபிள் பின்னே உதைக்கும். பிஸ்டன் முட்டி நின்றதும் ரைபிள் முன்னே உதறும். பின்னுதையை மட்டும் தாங்கும்படி செய்த ஸ்கோப்பில், இந்த இருமுனை அதிர்ச்சியால் கம்பி அறுந்துபோகலாம், கண்ணாடி இடம்பெயரலாம்.

வரலாறும் விலை ஏற்றும். அமெரிக்காவில் பில் வீவர் என்பவர் 1930இல் எளியோரும் வாங்கும் விலையில் ஸ்கோப் செய்யத் தொடங்கினார். அவருடைய 330 என்னும் வகையை இரண்டாம் உலகப் போரில் அந்நாட்டு ராணுவம் பயன்படுத்தியது. ராணுவ முத்திரை உள்ளதற்கு விலை அதிகம். "ஆகையால் பொய் முத்திரைக்கும் அஞ்ச வேண்டும்" என்றார் காக்கா.

பெருநாள் கழிந்த ஞாயிறு, சந்தைக்கு என்னையும் அழைத்துச் சென்றார். மேசையில் ஒரே தோற்றமுடைய இரண்டு ஸ்கோப்புகள் இருந்தன. ஒன்றின் விலை 50 பவுண்டு. மற்றதைக் கையிலெடுத்து முன்புறத்தில் டார்ச் விளக்கைப் பிடித்துக் காட்டினார். கண்ணாடியின் உட்புறத்தில் சிலந்திவலை போன்ற மெல்லிய இழைகள்! பூஞ்சை. ஈரத்தில் வளர்ந்து பூச்சை அரித்து, நாளடைவில் கண்ணாடியையும் கெடுத்துவிடும். பழுது நீக்கும் கூலி பொருளின் விலையை மிஞ்சும். "இதன் விலையை நான் வந்து பேசிக்கொள்கிறேன்" என்று மேசையின் ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு, ளுஹர் தொழ வண்டியின் பின்புறம் சென்றார்.

அந்த நேரம் பார்த்து முதியவர் ஒருவர் வந்தார். ஒதுக்கி வைத்ததையே எடுத்தார். வெயிலில் கண்ணில் வைத்துப் பார்த்தார்; அந்த வெளிச்சத்தில் இழைகள் அவருக்குத் தென்படவில்லை. "இதுவும் ஐம்பதா?" என்று கேட்டார்.

வாசகர்களே, நான் தலையசைத்தேன்.

அவர் பணத்தை வைத்துவிட்டுச் சென்றார். குறை உண்டா என்று அவர் கேட்கவில்லையே, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே என்று என் மனம் எனக்கே வழக்காடியது. வாப்பாவின் மருத்துவச் செலவை ஈராண்டாகத் தனியே தாங்கிவந்த காக்காவுக்கு ஐம்பது பவுண்டு ஈட்டித் தந்தோம் என்ற மகிழ்ச்சியும் இருந்தது, மறைப்பானேன்!

தொழுது வந்த காக்கா மேசையைப் பார்த்தார். "உள்ளே இருந்ததைச் சொன்னாயா, தம்பி?"

"அவர் கேட்கவில்லை, காக்கா."

அவர் என்னைக் கடியவில்லை. பணத்தையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு விரைந்தார். நானும் பின்னே ஓடினேன். வண்டிகள் நிற்கும் இடத்தில் அம்முதியவரைக் கண்டுபிடித்து, விளக்கைப் பிடித்துப் பூஞ்சையைக் காட்டினார்; பணத்தை நீட்டினார். முதியவர் சற்று நேரம் பேசவில்லை. பின்பு, ஸ்கோப்பை ரைபிளோடு இணைக்கும் வளையங்களைத் தொட்டுக் காட்டி, "எனக்கு இவை வேண்டும், இந்த மெல்லிய குழாய்க்குப் பொருந்துவன இப்போது எளிதில் கிடைப்பதில்லை" என்றார். 20 பவுண்டுக்கு இருவரும் மனம் ஒப்பினர். மீதி 30 பவுண்டைக் காக்கா அவர் கையில் எண்ணிக் கொடுத்தார்.

நான் தலைகுனிந்து நின்றேன். தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்டறிந்த நபிகளார் (ஸல்) அவர்கள் அந்த வியாபாரியை எச்சரித்த நிகழ்ச்சியை ஆண்டுதோறும் மாணவர்களுக்கு விளக்குகிறவன் நான். வியாபாரப் பாடத்தில் 'அய்பு' என்ற சொல்லுக்குப் பொருள் சொல்லி, எழுதவும் வைக்கிறவன். அந்தப் பாடத்தை ஒருநாளும் கிதாபில் ஓதாத கடைக்காரர், தொழுத ஈரம் காயுமுன் அதை நடந்து காட்டினார்.

வீடு திரும்பும் வழியில், "முப்பது பவுண்டு போயிற்றே, காக்கா" என்றேன். "அது நம்முடையதாக இருந்ததே இல்லை, தம்பி" என்றார்.

பழைய பொருளை வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: டார்ச் இல்லாமல் போகாதீர்கள்; திருகைத் திருப்பாமல் பணம் கொடுக்காதீர்கள். விற்கிறவர்களுக்கு ஒன்றே ஒன்று: வாங்குபவர் கேட்கும்வரை காத்திராதீர்கள். இப்போதெல்லாம் அந்தப் பாடம் வரும் நாளில், நான் தலையசைத்த கதையைத்தான் மாணவர்களுக்கு முதலில் சொல்கிறேன்.