பாதம் சொல்லும் காரணம்

உடற்கல்விப் பாடத்தின்போது திடலைச் சுற்றி ஓடும் மாணவர்களில் ஒரு சிலர் விரைவிலேயே பின்தங்கிவிடுவர். அவர்களைச் சோம்பேறிகள் என்று கேலி செய்வோரும் உண்டு. ஆனால், உண்மையான காரணம் சில வேளைகளில் அவர்களின் பழைய காலணியில் தெரியும். அதன் அடிப்பகுதியில் உட்பக்க விளிம்பு மட்டும் அதிகமாகத் தேய்ந்திருக்கும். நடக்கும்போது பாதம் அளவுக்கு மீறி உட்பக்கம் சரிவதன் அடையாளமாக அது இருக்கலாம்.

பாதம் உட்பக்கம் சரிவதே குறையன்று. குதிகால் தரையைத் தொட்டதும் பாதம் சற்றுச் சரிந்து, அதன் வளைவு தாழ்ந்து, அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்கிறது. அடுத்த கணமே பாதத்தின் 26 எலும்புகளும் இறுகி, உடலை முன்னே உந்துகின்றன. சரிந்த பாதம் நிமிராமல் போனால்தான் சிக்கல். இறுக வேண்டிய நேரத்தில் பாதம் தளர்ந்திருப்பதால் கால் தசைகள் விரைவில் சோர்ந்துபோகின்றன. முழங்காலும் உட்பக்கம் திரும்புகிறது.

தட்டைப் பாதத்தால் வலி ஏற்பட்டால், முதலில் தசைப் பயிற்சியும் காலணிக்குள் வைக்கும் தாங்கியும் பரிந்துரைக்கப்படும். அவற்றால் பயன்பெறாத சிறுவர்கள் சிலருக்கு அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. கணுக்கால் எலும்புக்கும் குதிகால் எலும்புக்கும் இடையே இயற்கையாகவே ஒரு குழிவு உண்டு. அதற்குள் டைட்டானியத்தால் ஆன ஒரு சிறு திருகைப் பொருத்துவர். கதவு சுவரில் மோதாமல் தடுக்கும் கட்டையைப் போன்றது அது. கட்டை இருந்தாலும் கதவு திறக்கும். ஆனால், எல்லையைத் தாண்டாது. அதுபோலவே மூட்டும் அசையும். ஆனால், அளவுக்கு மீறிச் சரியாது.

இச்சிகிச்சை எல்லாருக்கும் ஏற்றதன்று. திருகு பொருத்திய இடத்தில் வலி தொடர்ந்தால், அதை மீண்டும் அகற்ற நேரிடும். மேலும், தட்டைப் பாதம் எல்லாம் நோயுமன்று. சிறு குழந்தைகளின் பாதம் தட்டையாகத்தான் இருக்கும். வளர வளரவே வளைவு தோன்றும். வளர்ந்த பின்னும் தட்டைப் பாதத்துடன் வலியின்றி ஓடியாடுபவர்கள் பலர்.

ஆகவே, பாதத்தின் தோற்றத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால், வலியைப் பொருட்படுத்தாமல் விடுவதும் தவறு. திடலில் பின்தங்கும் நண்பனைக் கேலி செய்வதைவிட, “கால் வலிக்கிறதா?” என்று கேட்பதே நல்லது. அந்தக் கேள்விதான் அவனைத் தக்க நேரத்தில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்.