வெள்ளைக் கோடு காரில் ஏறினால்

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் கோடு போடும் வேலை நடந்தால், அந்தச் சேதி முதலில் வந்து சேரும் இடங்களில் ஒன்று சாலையோர வாட்டர் வாஷ் பட்டறை. இரவில் ஈரக் கோட்டின் மேல் ஏறிய கார்கள் காலையில் அங்கே வந்து நிற்கும். கதவின் அடிவிளிம்பு, மட்கார்டு, பம்பரின் ஓரம் என்று வெள்ளையும் மஞ்சளுமாகப் பொட்டுப் பொட்டாகத் தெறித்திருக்கும். ஓட்டி வந்தவர் அதற்குள் நகத்தால் சுரண்டிப் பார்த்திருப்பார். சிலர் கையில் தின்னர் பாட்டிலோடு வருவார்கள்.

ஆம்பூரில் நான் போன பட்டறையில் அந்தப் பாட்டிலை வாங்கி ஓரமாக வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார்கள்.

தகரக் கொட்டகை, ஒரு ராம்ப், போர்வெல் தண்ணீரை இழுக்கும் பிரஷர் பம்பு, கொடியில் காயும் பனியன் வேஸ்ட் துணிகள். இடம் இவ்வளவுதான். நடத்துபவரை எல்லோரும் ‘பாய்’ என்றே அழைக்கிறார்கள். இந்தத் தொழிலுக்கு வரும் முன் டேனரியில் ஃபினிஷிங் பிரிவில் பல ஆண்டுகள் ஸ்ப்ரே அடித்தவர். இப்போது அவரிடம் இரண்டு இளைஞர்கள் வேலை செய்கிறார்கள். அன்று ராம்பில் ஏறியிருந்தது கருநீலக் கார் ஒன்று. அதன் உரிமையாளர் ஷூ கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்ட அவசரம் அவர் முகத்தில் தெரிந்தது.

“பாய், தின்னர் போட்டுத் துடைச்சா உடனே போயிடும்னு சொல்றாங்களே?”

“போகும் சார். மேல ஒட்டினதும் போகும், கீழ இருக்கிறதும் போகும். அப்புறம் கதவுக்கே பெயிண்ட் அடிக்கணும்.”

கீழே இருப்பது என்ன? கார் கதவின் தகட்டில் முதலில் துரு தடுக்கும் பூச்சு. அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம். எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட். எல்லா அடுக்குகளும் சேர்ந்தே பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான்தான். அச்சிடும் தாள் ஒன்றின் கனத்தைவிடச் சற்றே அதிகம். அதில் பளபளப்பைத் தரும் கிளியர் கோட்டின் பங்கு சுமார் 40 மைக்ரான். தெறித்த பெயிண்டை எடுப்பது பெரிய காரியமல்ல. இந்த 40 மைக்ரானைத் தொடாமல் எடுப்பதுதான் தொழில்.

பாய்க்கு இந்த அறிவு தோலிலிருந்து வந்தது. பதனிட்ட தோலுக்கு முதலில் நிறமியும் பைண்டரும் கலந்த பூச்சு. மேலே பளபளப்புக்காகவும் உரசலைத் தாங்குவதற்காகவும் லாக்கர். அந்த லாக்கரில் முக்கியமான ஒன்று நைட்ரோசெல்லுலோஸ். அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் 1920-களில் ‘டூகோ’ என்ற பெயரில் கார்களுக்குக் கொண்டுவந்த பூச்சும் இதே குடும்பம்தான். வாரக்கணக்கில் காய்ந்துகொண்டிருந்த வண்டிகளை அது மணிக்கணக்கில் முடிக்க வைத்தது. இன்று தொழிற்சாலையிலிருந்து வரும் கார்களில் அந்த லாக்கர் இல்லை. சூட்டில் இறுகிய, கரைப்பானை ஓரளவு தாங்கும் பூச்சு வந்துவிட்டது. ஆனால் விபத்துக்குப் பிறகு சிறு பட்டறைகளில் மறுபடி பெயிண்ட் அடித்த கதவில் என்ன இருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. பழைய வகையாக இருந்தால், தின்னர் பட்ட துணியில் காரின் நிறமே ஒட்டிக்கொண்டு வரும். அதனால் பாய் எந்தத் திரவத்தையும் முதலில் கதவைத் திறந்து, உள்விளிம்பில் ஒரு விரலளவு தடவித்தான் பார்க்கிறார். துணி வெள்ளையாகவே இருந்தால் வேலை தொடரும்.

காரில் ஒட்டியிருப்பது எந்த வகைப் பெயிண்ட் என்பது அடுத்த கேள்வி. அதற்குப் பதில் தேடி, ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் இடையே இரவில் கோடு போட்டுக்கொண்டிருந்த குழுவிடம் போனேன்.

நெடுஞ்சாலையில் பெரும்பாலும் போடுவது தெர்மோபிளாஸ்டிக். அது டப்பாவில் வரும் பெயிண்ட் அல்ல. மூட்டையில் வரும் தூள். பிசின், டைட்டானியம் டையாக்சைடு, சுண்ணாம்புக்கல் தூள், கண்ணாடி மணிகள் ஆகியவற்றின் கலவை. கேஸ் அடுப்பு பொருத்திய கொப்பரையில் அதைக் கொட்டி, 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் கிளறி உருக்குகிறார்கள். ஒருவர் முன்னால் போய்ச் சாலையைப் பெருக்குகிறார். இருவர் கயிறு பிடித்துச் சாக்பீஸால் குறி போடுகிறார்கள். அதன்மேல் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு போனால் இரண்டரை மில்லிமீட்டர் கனத்தில் பட்டை விழுகிறது. இளகிய பட்டையின் மேல் கண்ணாடி மணி தூவ வேண்டும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விதிப்படி சதுர மீட்டருக்கு 250 கிராம். ஹெட்லைட் வெளிச்சம் மணிக்குள் புகுந்து, பெயிண்டில் பட்டு, வந்த வழியே ஓட்டுநரின் கண்ணுக்குத் திரும்புவதால்தான் இரவில் கோடு மின்னுகிறது.

அமெரிக்காவின் மிச்சிகனில் வேய்ன் கவுண்டி சாலைத் துறையில் இருந்த எட்வர்ட் ஹைன்ஸ் 1911-இல் சாலை நடுவே வெள்ளைக் கோடு போட வைத்தது இந்த வழக்கத்தின் ஆரம்பங்களில் ஒன்று. இந்தியாவில் கோட்டின் நிறம், அகலம், இடைவெளி எல்லாவற்றையும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 35 என்ற நெறிமுறை வகுக்கிறது. 2015-இல் அது திருத்தப்பட்டது.

தெர்மோபிளாஸ்டிக் கால் மணி நேரத்துக்குள் இறுகி வாகனத்தைத் தாங்க வேண்டும் என்பது விதி. அது ஆறித்தான் இறுகுகிறது. ஆகவே வேலூர்ப் பக்கத்துக் கோடையில், பகலெல்லாம் கொதித்த தாரின் மேல் அதற்குக் கூடுதல் நேரம் வேண்டும். ஊருக்குள் வேகத்தடையிலும் மீடியன் ஓரக் கல்லிலும் பிரஷ், ரோலரால் அடிக்கும் திரவப் பெயிண்டுக்கு நேர்மாறான குணம். வெயில் ஏற ஏற அது சீக்கிரம் காயும். இரண்டும் காரில் ஒட்டும் விதமும் வேறு. திரவப் பெயிண்டை டயர் பொடிப்பொடித் துளிகளாகத் தூக்கி அடிக்கும்; கதவு முழுக்கப் புள்ளி விழும். தெர்மோபிளாஸ்டிக் டயரில் ஒட்டிச் சுழன்று, சக்கர வளைவுக்குள் கட்டிகளாகப் போய் அப்பிக்கொள்ளும்.

பட்டறையில் நின்ற நீலக் காரில் இருந்தது திரவப் பெயிண்ட். பெயிண்ட் பட்ட ஒரு மணி நேரத்துக்குள் வந்திருந்தால் பிரஷர் தண்ணீரும் ஷாம்புவுமே பெரும்பகுதியைக் கழுவியிருக்கும். இது இரவு முழுக்கக் காய்ந்துவிட்டது. முதலில் வண்டியை நிழலில் நிறுத்திச் சூடு ஆற விட்டார்கள். சூடான தகட்டில் எந்தத் திரவமும் ஊறாமல் ஆவியாகிவிடும். மண் போகக் கழுவினார்கள். மண்ணோடு தேய்த்தால் மண்ணே கீறல் போடும். பிறகு தார் நீக்கும் திரவத்தைப் புள்ளிகளின் மேல் நனைத்துச் சற்று நேரம் சும்மா விட்டார்கள். ஊறிய புள்ளியைத் துணியால் ஒற்றி எடுத்தார்கள். ஒருமுறை பட்ட துணிப் பக்கத்தை மறுபடி கதவில் வைப்பதில்லை. மடித்து மடித்துப் புதுப் பக்கம். கண்ணாடி மணி கலந்த பெயிண்டாக இருந்தால் அந்த மணிகளே கிளியர் கோட்டைக் கீறும் என்பதால் இந்தக் கவனம்.

பிடிவாதமான புள்ளிகளுக்கு வாசலின் தடவும் வழி. கெட்டியாகப் பூசி ஓரிரவு விட்டால் காய்ந்த பெயிண்ட் இளகும். காலையில் கழுவினால் உரிந்துவிடும். ஷிஃப்டுக்குப் போக வேண்டிய உரிமையாளருக்கு இதுதான் வசதியாகப் பட்டது. வாசலின் பூசிய கதவுகளோடே அவர் கிளம்பினார். ரப்பர் பீடிங்கில் படாமல் பூசியிருந்தார்கள். எண்ணெய்ப் பொருள் பட்டால் அந்த ரப்பர் உப்பும். இதே காரணத்தால் டீசல், மண்ணெண்ணெய் வைத்தியமும் இங்கே இல்லை. ஹெட்லைட் மூடி பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அதில் தின்னர் பட்டால் நுண்ணிய வெடிப்பு விழுந்து மங்கிவிடும். மிச்சமிருக்கும் சொரசொரப்பை மறுநாள் கிளே பார் என்ற களிமண் போன்ற கட்டியால் எடுத்து, தேவைப்பட்ட இடத்தில் மட்டும் பாலிஷ் போட்டு, மெழுகு பூசி முடிப்பார்கள். ஒவ்வொரு பாலிஷும் கிளியர் கோட்டில் கொஞ்சம் தின்கிறது என்பதை இந்த இளைஞர்கள் அறிந்திருக்கிறார்கள்.

தெர்மோபிளாஸ்டிக் கட்டி என்றால் கதை வேறு. அது சுமார் 100 டிகிரியில்தான் இளகும். அந்தச் சூட்டைக் காட்டினால் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கும் நெளியும். பெயிண்ட் உள்ள தகட்டில் ஒட்டியிருந்தால் ஓரங்களில் திரவத்தை ஊற விட்டு, பிளாஸ்டிக் ஆப்பால் மெல்ல நெம்புகிறார்கள். சக்கர வளைவின் உள்லைனரில் ஒட்டியிருந்தால், டயரில் உரசாதவரை அதை விட்டுவிடச் சொல்கிறார் பாய். கண்ணுக்குத் தெரியாத இடத்துக்காக வாடிக்கையாளரிடம் காசு வாங்க அவருக்கு மனமில்லை.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்ற கேள்வி மற்ற ஊர்களைவிட இங்கே கனமானது. டேனரிக் கழிவால் பாலாற்றுப் படுகை கெட்டதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்துபவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது. அந்தக் கழிவின் உப்பு பல கிணறுகளில் இன்னும் இருக்கிறது. கழுவிய காரை உடனே துடைக்காவிட்டால் அந்தத் தண்ணீரே வெள்ளைப் பொட்டு வைத்துவிடும். பெயிண்டும் திரவமும் ஊறிய துணிகளைச் சாக்கடையில் அலசாமல் தனி டின்னில் போடும் வழக்கம் இந்தப் பட்டறையில் உண்டு. எல்லாப் பட்டறைகளுக்கும் அது வர வேண்டும். கைகளைக் காக்க நைட்ரைல் கையுறையும், மூடிய கொட்டகையில் கரைப்பான் நெடிக்கு ஏற்ற முகமூடியும் அவசியம். டேனரி ஸ்ப்ரே பிரிவில் முகத்தில் துணி கட்டிக்கொண்டு வேலை செய்த காலத்தைப் பற்றிப் பாய் பேசும்போது, அந்த இளைஞர்கள் கையுறையைக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சாலையில் இருப்பவர்களின் ஆபத்து இன்னும் பெரிது. 200 டிகிரிக் குழம்பு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டே சுடும். உரித்தெடுக்காமல் குளிர்ந்த நீரை நெடுநேரம் ஊற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தக் கொப்பரைக்கும் விரையும் லாரிகளுக்கும் நடுவே சில ஆரஞ்சுக் கூம்புகளை மட்டும் நம்பி அவர்கள் நிற்கிறார்கள். காரில் பெயிண்ட் தெறிக்கிறது என்றால், அந்தக் கூம்புகளைத் தாண்டி, ஆட்கள் நின்ற இடத்துக்கு அருகே ஒரு வண்டி வந்து போயிருக்கிறது என்று பொருள். காரின் கறை ஓரிரவில் போய்விடும். டயர் இழுத்துக் குலைத்த கோடு அடுத்த டெண்டர் வரை அப்படியே கிடக்கும். ஷூ கம்பெனி வேனைப் பிடிக்க விடியலில் சாலையைக் கடக்கும் பெண்களுக்கு அந்தக் கோடுதான் பாதுகாப்பு. கோடு இறுகும்வரை கூம்புகளை எடுக்கக் கூடாது. வேலை நடக்கும் இடத்துக்கு வெகு முன்னாலேயே பலகையும் கொடியோடு ஓர் ஆளும் நிற்க வேண்டும். ஒப்பந்தக்காரரிடம் இதை வலியுறுத்த வேண்டியது நெடுஞ்சாலை அதிகாரிகளின் பொறுப்பு. கூம்பைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து அடுத்த தடத்துக்கு மாறுவது ஓட்டுநரின் பொறுப்பு.