28 பெரிதா, 29 பெரிதா?

சைக்கிள் ரிம்மில் 28 பெரியதா, 29 பெரியதா? பள்ளிக்கூடக் கணக்கில் 29. ஏனாத்தூர்ச் சாலையோரச் சைக்கிள் கடையில் 28. பால்காரர் ஒருவர் விட்டுப்போன பழைய பார் சைக்கிளின் சக்கரத்தையும், கல்லூரி மாணவர் ஒருவரின் 29 அங்குல கியர் சைக்கிள் சக்கரத்தையும் டயரை உருவிவிட்டு அருகருகே நிறுத்திக் காட்டினார் கடைக்காரர். பழையதுதான் அரை அங்குலம் உயரம். டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 28-க்கு 635 மில்லிமீட்டர், 29-க்கு 622. புதியதில் டயர் தடிமன் என்பதால் அதைப் போட்டு ஓட்டும்போது உயரம் மாறித் தெரியும். அவ்வளவுதான்.

26-இல் வில்லங்கம் இன்னும் அதிகம். 26 x 1⅜ என்று பின்னத்தில் எழுதிய டயருக்கு 590 மில்லிமீட்டர் ரிம் வேண்டும். 26 x 2.1 என்று புள்ளி வைத்து எழுதியதற்கு 559. இரண்டும் 26தான், ஆனால் ஒன்றின் டயர் மற்றதில் ஏறவே ஏறாது. “பின்னம் போட்டிருந்தா ஒரு ரகம், புள்ளி வெச்சிருந்தா வேற ரகம். இத மட்டும் தெரிஞ்சிகினா பாதித் தொழில் வந்துரும் சார்” என்றார். மீதிப் பாதி என்னவென்று பார்க்கத்தான் நான் அவர் கடை வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

காஞ்சிபுரம் நகரத்தை விட்டு வெளியே வந்தால் ஏனாத்தூர். 1993-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி விஸ்வ மகாவித்யாலயா இங்கேதான் இருக்கிறது. சங்கரா கலை அறிவியல் கல்லூரியும் பக்கம். ஆகவே விடுதி மாணவர்களின் கியர் சைக்கிள்கள் நிறைய. அதே சாலையில் பாவும் ஊடையும் கேரியரில் கட்டிப் போகும் நெசவாளர்கள், பால்காரர்கள், கீரை விற்பவர்கள், பள்ளிப் பிள்ளைகள். இத்தனை விதமான சைக்கிளும் ஒரே கடைக்கு வருவதால், மெக்கானிக்குக்கு நூறு வருடத்து அளவுகளும் நேற்று வந்த அளவுகளும் ஒருசேரத் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது.

கடை என்று சொன்னால் தகரக் கூரை, மரப்பெட்டி, காற்றடிக்கும் பம்பு, பஞ்சர் பார்க்கத் தண்ணீர்ச் சட்டி. சுவரில் தொங்கும் டயர்கள், டியூபுகள். பெரியவருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். சிறுவயதில் வாடகை சைக்கிள் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து பழகிய கை. இந்தப் பக்கத்து மெக்கானிக்குகளில் மூத்தவர்கள் பெரும்பாலும் அப்படி வந்தவர்கள்தான். மணிக்கணக்கில் வாடகைக்குப் போன சைக்கிள் எந்தக் கோலத்தில் திரும்பி வருமோ, அதைக் கால் மணிநேரத்தில் மறுபடி ஓடவைத்துப் பழகியவர்கள்.

நான் இருந்தபோது மாணவர் ஒருவர் தாத்தாவின் பார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கையில் இணையத்தில் வாங்கிய பொட்டலம்: கேலிப்பர் பிரேக் ஒரு செட், ஏழு பல்சக்கரம் கொண்ட கியர் பிரீவீல். “அண்ணே, இத அப்கிரேட் பண்ணணும்.” பெரியவர் சிரிக்கவில்லை; திட்டவும் இல்லை. பொட்டலத்தைப் பிரிக்கச் சொல்லாமலே ரிம்மைத் தடவிக் காட்டினார்.

பழைய பார் சைக்கிளில் பிரேக்கை இழுப்பது ஒயர் அல்ல, இரும்புக் கம்பி. பிரேக் கட்டைகள் ரிம்மின் உட்புறமாக, போக்ஸ் கம்பி இறங்கும் முகத்தில் வந்து அழுத்தும். அதனால் அந்த ரிம்முக்குப் பக்கச்சுவர் தட்டையாக இருக்க வேண்டிய அவசியமில்லை, உருண்டு வளைந்திருக்கும். கேலிப்பர் பிரேக் பக்கவாட்டில்தான் கவ்வும். உருண்ட பக்கத்தில் கவ்வ இடமில்லை. பிரேக்கை மாற்ற வேண்டுமென்றால் ரிம்மை மாற்ற வேண்டும். ரிம்மை மாற்றினால் கம்பியெல்லாம் கழற்றிச் சக்கரத்தையே புதிதாகக் கட்ட வேண்டும்.

கியர் பிரீவீல் இன்னும் தந்திரமான சாமான். மரை ஏறிவிடும். அங்கேதான் ஆள் ஏமாறுகிறார். ஏறிய பிறகு பார்த்தால் பின் போர்க்கின் இரண்டு காதுகளுக்கு நடுவே சக்கரம் நுழையாது. ஒற்றைப் பல்சக்கரத்துக்கு அளந்து செய்த இடைவெளி அது. செயினும் ஆகாது. பார் சைக்கிளின் செயின் அகலம், கியர் சைக்கிளின் செயின் ஒல்லி. செயினை மாற்றினால் முன்னால் இருக்கும் பெரிய பல்சக்கரத்தின் பல் தடிமனாக இருக்கும், ஒல்லிச் செயின் அதில் உட்காராது. ஒன்றைத் தொட்டால் வரிசையாக எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும். கடைசியில் தாத்தா சைக்கிளில் மிஞ்சுவது பெல் மட்டும்.

“தம்பி, உனுக்கு எதுக்கு கியர் வேணும்?” என்று கேட்டார் பெரியவர். எதிர்க்காற்றில் மிதிக்க முடியவில்லை, பின்னால் தங்கை வேறு உட்கார்கிறாள் என்றார் மாணவர். அதற்கு வழி சின்னது. முன்னால் 44 பல், பின்னால் 18 பல். ஒரு முழு மிதிக்குச் சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று சுற்றி, வண்டி 5.4 மீட்டர் போகும். பின்னால் 18-ஐக் கழற்றி 20 பல் பிரீவீல் போட்டால் ஒரு மிதிக்கு 4.9 மீட்டர். வேகம் பத்தில் ஒரு பங்கு குறையும்; மிதிக்கும் பாரமும் அதே அளவு குறையும். காஞ்சிபுரம் மேடு பள்ளமில்லாத ஊர், இங்கே இந்த ஒரு மாற்றம் போதும். பாரம் ஏற்றும் வியாபாரிகள் பலர் எப்போதோ செய்துகொண்ட மாற்றம்தான் இது. இன்று கியர் உறுப்புகளுக்குப் பேர்போன ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் 1921-இல் தொழில் தொடங்கியபோது முதலில் செய்த சாமானும் இந்த ஒற்றை பிரீவீல்தான்.

கூடவே இன்னொரு மாற்றமும் சொன்னார். பழைய டியூபில் இருப்பது ரப்பர்க் குழாய் மாட்டிய வால்வு. அந்த ரப்பர் காய்ந்து வெடித்துக் காற்று இறங்குவதைப் பஞ்சர் என்று நினைத்துக் காசு கொடுப்பவர்கள் அநேகம். மோட்டார் சைக்கிள் வால்வு வைத்த டியூபும் அதே ரிம் ஓட்டையில் நுழையும். பெட்ரோல் பங்கிலேயே காற்றடித்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே காற்று வேகமாக ஏறும், ‘50-க்கு மேல போகாம பாத்துக்க’ என்று எச்சரித்தார்.

பிறகு ஓவராயில். இதைப் பார்ப்பதற்காகவே அந்தக் கடைக்குப் போகலாம். கிராங்கைக் கழற்ற காட்டர் பின்னைத் தட்டி எடுக்க வேண்டும். கத்துக்குட்டி சுத்தியலை எடுத்து நேராகப் போடுவான். அடி முழுக்க உள்ளே இருக்கும் குண்டுகள் வழியாகக் கப்பில் இறங்கிக் குழி விழும். பெரியவர் கிராங்குக்கு அடியில் ஒரு இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்துவிட்டு ஒரே அடி அடித்தார். பின் வந்துவிட்டது. புது பின்னை அப்படியே செருகுவதும் இல்லை. அதன் சாய்ந்த முகத்தை அரத்தால் ராவி, போட்டுப் பார்த்து, மறுபடி ராவி, இரண்டு பெடலும் ஒரே கோட்டில் நிற்கும்வரை ராவுகிறார். குண்டுகளின் கணக்கு அவருக்கு மனப்பாடம்: முன் சக்கரத்தில் பக்கத்துக்குப் பத்து, சிறியது, பின் சக்கரத்தில் பக்கத்துக்கு ஒன்பது, பெரியது, நடு ஆக்சிலில் பக்கத்துக்குப் பதினொன்று. கழுவ முன்பு மண்ணெண்ணெய். இப்போது அது கிடைப்பதில்லை, டீசல்தான். குண்டுகளைப் புதிதாகப் போட்டு, கிரீஸ் வைத்து, கோனை இறுக்கிவிட்டு மறுபடி ஒரு முடி தளர்த்துகிறார். சக்கரத்தைத் தூக்கி விட்டால் வால்வு இருக்கும் பக்கம் தானாகக் கீழே வந்து நிற்க வேண்டும். வால்வின் எடைக்கே சக்கரம் சுழன்றால்தான் கோன் சரி.

சக்கரக் கோட்டம் எடுப்பது வேறு வித்தை. பார் சைக்கிளில் முன்னால் 32 கம்பி, பின்னால் 40; பாரம் பின்னால் என்பதால் இந்தக் கணக்கு. சக்கரத்தைச் சுழலவிட்டு ரிம்முக்குப் பக்கத்தில் ஒரு சாக்குக்கட்டியை அசையாமல் பிடிக்கிறார். எங்கே கோடு விழுகிறதோ அங்கே ரிம் அந்தப் பக்கம் வந்திருக்கிறது. அந்தப் பக்கத்துக் கம்பியைக் கால் சுற்று தளர்த்தி, எதிர்ப் பக்கத்துக் கம்பியைக் கால் சுற்று இறுக்க வேண்டும். இறுக்கிக்கொண்டே போனால் பக்கக் கோட்டம் போகும். ஆனால் சக்கரம் வட்டம் கெட்டு முட்டையாகிவிடும். நடுநடுவே கம்பிகளை விரலால் சுண்டிக் கேட்கிறார். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஒரே சத்தம் தர வேண்டும். முடித்ததும் சக்கரத்தைத் தரையில் படுக்கவைத்து உடல் பாரத்தைப் போட்டு அமுக்கினார். ‘டிங் டிங்’ என்று கம்பிகள் இடம் பிடித்தன. அதன் பிறகு மறுபடி சாக்குக்கட்டி. புதுச் சைக்கிள் எந்தக் கம்பெனியுடையதானாலும் முதல் மாதத்தில் கம்பிகள் இப்படி உட்கார்ந்து தளரத்தான் செய்யும். அப்போது ஒருமுறை கொண்டுவந்து இறுக்கிக்கொண்டால் சக்கரம் வருடக்கணக்கில் உழைக்கும் என்கிறார். யாரும் கொண்டுவருவதில்லை.

நெசவுக்காரப் பெண் ஒருவர் டயர் இல்லாத முன்சக்கரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். “அண்ணா, கோட்டம் எடுத்துக் குடுங்க.” சைக்கிள் எங்கே என்று நான் தேடினேன். அது தார் சுற்றும் ராட்டையின் சக்கரம். ரிம்மின் பள்ளத்தில் கயிறு ஓடும். அந்தக் கயிறு கதிரைச் சுழற்றும். கதிரில் மாட்டிய தார்க்குச்சியில் ஊடைப் பட்டு ஏறும். அறுபது சென்டிமீட்டர் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் இரண்டு சென்டிமீட்டர் உருளை முப்பது சுற்று. சக்கரத்தில் கோட்டம் இருந்தால் கயிறு வழுக்கி, நூலில் வெட்டு விழும். மெல்லிய பட்டு அறுந்துபோகும். பிரேக் தேய்ந்து சைக்கிளுக்கு லாயக்கில்லாமல் போன ரிம்கூட இதற்குப் போதும். குண்டு மட்டும் நன்றாக ஓட வேண்டும். இப்போது மோட்டார் வைத்துச் சுற்றுகிறவர்கள் கூடிவிட்டார்கள். இருந்தாலும் கடைப் பரணில் பெரியவர் இரண்டு மூன்று பழைய முன்சக்கரங்களை இதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்.

உதிரிப் பாகங்கள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் பஞ்சாபின் லூதியானாவில் செய்து, சென்னை மொத்தக் கடைகள் வழியாக. நமக்குப் பக்கத்திலேயே அம்பத்தூரில், முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் சேர்ந்து 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் இருந்தது, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்ற பெயர்கள் நம் வீட்டுப் பெயர்களானது அப்படித்தான். அட்லஸ் நிறுவனம் உத்தரப் பிரதேசத்து சாஹிபாபாத் ஆலையை நிறுத்தியது 2020 ஜூன் 3 அன்று. அது உலக சைக்கிள் தினம்! அதற்குப் பிறகு அட்லஸ் வைத்திருப்பவர்கள் “ஒரிஜினல் பார்ட்ஸ் இருக்கா” என்று கேட்டு வருகிறார்கள். அளவு ஒன்றுதான், எந்தக் கம்பெனி சாமானும் சேரும் என்று சொன்னால் முகம் வாடுகிறதாம்.

தமிழ்நாட்டில் இந்தத் தொழிலை இத்தனை காலம் தாங்கிப் பிடித்ததில் அரசின் விலையில்லா சைக்கிளுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கணிப்பு. 2001-02-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கி, 2005-06-இல் அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவர் எல்லோருக்கும் விரிந்த திட்டம். பிள்ளை படிப்பை முடித்த பிறகு அந்தச் சைக்கிள் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ போகிறது. கேரியர் பெரிதாகிறது, ஸ்டாண்டு இரட்டை ஸ்டாண்டாகிறது, கூடை கழன்று பால்கேன் மாட்டும் கொக்கி வருகிறது. ஏனாத்தூரில் நான் பார்த்த அப்கிரேடுகளில் உண்மையிலேயே வேலைக்கானவை இவைதான்.

கியர் சைக்கிள் மாணவர்களுக்கு வருகிறேன். இணையத்தில் வாங்கினால் ‘85 சதவீதம் பூட்டியது’ என்று பெட்டியில் வரும். மீதி 15 சதவீதத்தில்தான் உயிர் இருக்கிறது. முன் போர்க்கைப் பின்பக்கம் திருப்பி மாட்டி ஓட்டி வருகிறவர்கள் சாதாரணம். அதைவிட மோசம் பெடல். இடது பெடலுக்கு இடமரை. மிதிக்க மிதிக்கக் கழன்றுவிடாமல் இருக்கவே அந்த ஏற்பாடு. பெடல் ஆக்சிலின் நுனியில் இடது, வலது என்று குறியிருக்கும். அதைப் பார்க்காமல் வலது பெடலை இடது கிராங்கில் ஸ்பானர் போட்டு முறுக்கி ஏற்றிவிடுகிறார்கள். மரை போய், கிராங்கே போய்விடுகிறது.

21 கியரை 24 ஆக்க வேண்டும், முன்னால் ஷாக் அப்சார்பர் மாற்ற வேண்டும் என்று கேட்பவர்களிடம் பெரியவர் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்: முதலில் டயர். முள்ளு முள்ளாகப் புடைத்த மலைப்பாதை டயரைக் கழற்றிவிட்டு, அதே 559 ரிம்மில் 26 x 1.75 சாதா ரோட்டு டயரைப் போடு. பிறகு பிரேக் கட்டை, துருப்பிடித்த ஒயர். அதன் பிறகும் காசு மிச்சமிருந்தால் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு. நான் ஒப்புக்கொள்கிறேன். மலிவான ஷாக் அப்சார்பர் நம் தார்ச்சாலையில் எடையைக் கூட்டுவதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை.

2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் உதிரிப் பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. சாமான் விலையில் யாரும் பெரியவரிடம் பேரம் பேசுவதில்லை, அட்டையில் அச்சடித்திருக்கிறதே. பேரமெல்லாம் கூலியில்தான். நாற்பது கம்பியைக் கழற்றிப் புதிதாகப் பின்னிக் கோட்டம் எடுக்கும் வேலைக்கு அவர் கேட்கும் காசில் இரண்டு பேர் ஓட்டலில் சாப்பிட முடியாது. அதிலும் பத்து ரூபாய் குறைக்கச் சொல்கிறார்கள்.

ஏழு பல் பிரீவீலும் கேலிப்பர் பிரேக்கும் பொட்டலத்தோடு திருப்பி அனுப்பப்பட்டன. 20 பல் பிரீவீல் போட்டு, ஓவராயில் செய்து, தங்கையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார் அந்த மாணவர். நீங்களும் சைக்கிளுக்கு ஏதாவது வாங்குவதாக இருந்தால், டயரின் பக்கச்சுவரில் இருக்கும் எண்ணைப் பின்னமா புள்ளியா என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். பழைய சாமானைக் கையில் எடுத்துக்கொண்டு உங்கள் தெருமுனை மெக்கானிக்கிடம் போங்கள். வாங்கிவிட்டு அவரிடம் போகாதீர்கள். அவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.