கழற்றிப் பார்த்தவனுக்கே வண்டி சொந்தம்

கண்டக்குழிக் கரையில் விடியப்புறம் போட் தள்ளும் பிள்ளைகளுக்கு யமஹா என்றால் முதலில் கடல் எஞ்சின்தான் ஞாபகம் வரும். அந்தப் பெயரை வைத்தே உங்களுக்கு ஒரு பழைய கதை சொல்லலாம் என்று நினைக்கிறேன். எங்கள் காலத்தில் இந்தக் கற்பிட்டிக் குடாநாட்டு மணல் பாதைகளில் ஓடித் திரிந்த இங்கிலாந்து மோட்டார் சைக்கிள்களின் கதை அது. பி.எஸ்.ஏ., நோர்ட்டன், ட்ரையம்ப், மெச்லஸ், ரோயல் என்ஃபீல்ட் என்று பெயர்கள் வரிசையாக வரும். கராஜ் மூலையில் கிடக்கும் துருப்பிடித்த இரும்பென்று நீங்கள் தாண்டிப்போகும் அந்த வண்டிகளில்தான் நான் தொழில் பழகினேன். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் பேசுவேன், பொறுத்துக் கேளுங்கள்.

பேர்மிங்காம் நகரத்து பி.எஸ்.ஏ. கம்பனி 1861இல் துப்பாக்கி செய்வதற்கென்று தொடங்கியது. மூன்று துப்பாக்கிகளைக் கூட்டிச் சாய்த்து நிறுத்திய சின்னம் அதற்கு. 1948இல் அவர்கள் பென்டம் என்றொரு சின்ன வண்டி விட்டார்கள். 123 சீசீ, டூ ஸ்ட்ரோக் எஞ்சின், மூன்று கியர். ஆனால் அந்த வண்டியை முதலில் வரைந்தவர்கள் ஜேர்மன்காரர்கள். டீ.கே.டபிள்யூ. கம்பனியின் ஆர்.டி. 125 என்ற வண்டியின் வரைபடம், போரில் தோற்ற ஜேர்மனியிடமிருந்து நட்டஈடாக எடுக்கப்பட்டது. ரஷ்யாவுக்கும் அமெரிக்காவின் ஹார்லி கம்பனிக்கும்கூட அதே வரைபடம் போனது. ஜப்பானில் ஹமமட்சு என்ற ஊரில் ஆர்கனும் பியானோவும் செய்துகொண்டிருந்த ஒரு கம்பனி, அதே ஜேர்மன் வண்டியை முன்னால் வைத்துப் பழகி, 1955இல் தன் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. அதுதான் யமஹா. அந்த ஆண்டே ஃபூஜி மலையேற்றப் போட்டியில் அந்த வண்டியை ஓட்டி வென்றார்கள். ஐந்து வருடத்தில், 1960இல், முதல் போட் எஞ்சினையும் செய்துவிட்டார்கள்.

ஒரே விதை, இரண்டு வீட்டு முற்றத்தில் விழுந்தது. பி.எஸ்.ஏ. என்ன செய்தது? பென்டம் மூன்றரை இலட்சத்துக்கும் மேல் விற்றது. இங்கிலாந்தில் தந்தி கொண்டுபோகும் பையன்களுக்கெல்லாம் சிவப்பு பென்டம்தான். விற்கிறதே என்று விட்டுவிட்டார்கள். 150 ஆக்கினார்கள், 175 ஆக்கினார்கள், கடைசியில் ஒரு கியரைக் கூட்டினார்கள். 1971இல் அந்த வண்டி நின்றபோதும் அதன் எலும்புக்கூடு போருக்கு முந்திய ஜேர்மன் எலும்புக்கூடாகவே இருந்தது. ஜப்பான்காரனோ வருடத்துக்கு வருடம் கழற்றிப் பார்த்தான், மாற்றினான், போட்டியில் விட்டுப் பார்த்தான், திரும்பவும் கழற்றினான். அந்தக் கம்பனியைத் தொடங்கிய டொராகுசு யமஹா என்ற மனிதரே, 1887இல் ஒரு பள்ளிக்கூடத்தின் பழுதான ஆர்கனைத் திறந்து திருத்தப்போய், அதிலிருந்து ஆர்கன் செய்யக் கற்றவர். தொழிலின் தொடக்கமே பழுது பார்த்தலில் இருந்தது.

இங்கிலாந்துக்காரர்களில் கண் திறந்த ஆள் இல்லாமல் போகவில்லை. எட்வர்ட் டர்னர் என்ற பெரிய வித்தைக்காரர் இருந்தார். ட்ரையம்பின் ஸ்பீட் ட்வின் வண்டியை 1937இல் தந்தவர். இரண்டு சிலிண்டரைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி அவர் போட்ட அந்த வழியில்தான் பிறகு மற்றக் கம்பனிகளும் போயின. 1959இல் வந்த பொனவில் வரைக்கும் அந்த வம்சம் தொடர்ந்தது. அந்த டர்னர் 1960இல் ஜப்பானுக்குப் போய் ஹொண்டா, யமஹா, சுஸுகி தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்த்து, அங்கே கண்டதையெல்லாம் எச்சரிக்கையாக எழுதிக் கொடுத்தார். கம்பனிப் பெரியவர்கள் வாசித்தார்கள். வாசித்ததோடு சரி. அடுத்த வருடமே ஹொண்டா, மேன் தீவு டீ.டீ. போட்டியில், இங்கிலாந்துக்காரரின் சொந்த மண்ணில், 125இலும் 250இலும் முதலாவதாக வந்தது.

பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. பி.எஸ்.ஏ.காரர்கள் அம்பர்ஸ்லேட் ஹோல் என்ற மாளிகையில் பெருந்தொகை செலவழித்து ஆராய்ச்சி நிலையம் வைத்தார்கள். 1971 வண்டிகளுக்கு அங்கிருந்து புது ஃபிரேம், அதாவது வண்டியின் சட்டம், வரைந்து அனுப்பினார்கள். தொழிற்சாலையில் எஞ்சினை ஏற்றப் பார்த்தால் அது சட்டத்துக்குள் போகவில்லை. எஞ்சினின் தலைப்பகுதியையே மாற்ற வேண்டியதாயிற்று. சீட் எவ்வளவு உயரமென்றால் ஓட்டுபவனின் கால் ஒழுங்காக நிலத்தில் படாது. வரைந்தவர்களில் ஒருவர் ஒரு முறை ஏறி உட்கார்ந்து பார்த்திருந்தால் போதும். இரண்டு வருடத்தில் பி.எஸ்.ஏ.யின் கதை முடிந்தது. ட்ரையம்பின் மெரிடன் தொழிற்சாலையைத் தொழிலாளர்களே கூட்டுறவாக எடுத்து 1983 வரைக்கும் இழுத்துப் பிடித்தார்கள். அந்தத் தொழிலாளர்களை நான் மனதுக்குள் கும்பிடுகிறேன்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். உலகப்போர்க் காலத்தில் புத்தளத்தில் இங்கிலாந்துக் கடற்படையின் விமானத்தளம் இருந்தது. சேற்றில் புதைந்த விமானங்களை யானையைக் கொண்டு இழுத்த தளம் அது. அந்தக் காலத்து இராணுவ மோட்டார் சைக்கிள் என்றால் பி.எஸ்.ஏ. எம் 20. 496 சீசீ, ஒற்றைச் சிலிண்டர், பதின்மூன்று குதிரைவலு. போருக்கென்று சுமார் 126,000 வண்டிகள் செய்தார்கள். கம்ப்ரஷன் குறைவு, அதனால் மட்டமான பெற்றோலிலும் ஓடும். வேகம் இல்லை, ஆனால் மணலில் உறுமி உறுமி இழுக்கும் பலம் இருந்தது.

அந்த எம் 20ஐ உதைத்து எழுப்புவதைச் சொல்கிறேன். முதலில் பெற்றோலைத் திறந்துவிட வேண்டும். காபரேட்டரின் பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான் நிற்கும். விரல் நுனி பெற்றோலில் நனையும் வரைக்கும் அதை அழுத்த வேண்டும். ஹேண்டிலில் இருக்கும் சின்ன நெம்பைத் திருப்பி, தீப்பொறி கொஞ்சம் பிந்தி விழும்படி வைக்க வேண்டும். பிறகு கிக்கரில் மெதுவாகப் பாரத்தைப் போட்டால் ஓரிடத்தில் கால் முட்டி நிற்கும். அங்கே டிகம்ப்ரஸர் நெம்பை இழுத்துக் கிக்கரை மயிரிழை இறக்கி, நெம்பை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு இடுப்புப் பலத்தோடு ஒரே நீள உதை. எஞ்சின் எழும்பியதும் 'டொக்... டொக்... டொக்' என்று ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் காதில் விழும். தீப்பொறியைப் பிந்த வைக்க மறந்தவனைக் கிக்கர் திருப்பி உதைக்கும். கணுக்கால் போன ஆட்களை எனக்குத் தெரியும். கோபத்தோடு வந்து உதைத்தால் அந்த எஞ்சின் எழும்பாது. மனம் அமர்ந்து, அதன் உள்ளே பிஸ்டன் இப்போது எங்கே நிற்கிறது என்று காலால் அறிந்து உதைத்தால் முதல் உதையில் எழும்பும். அந்த வண்டிகளின் மேல் எங்களுக்கு வந்த பிரியத்துக்குப் பாதிக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அவை எங்களை உள்ளே வரச் சொல்லிக் கேட்டன.

எழுபதுகளின் தொடக்கத்தில் நாட்டில் இறக்குமதிக் கட்டுப்பாடு. 1977 வரைக்கும் ஸ்பெயார் பார்ட்ஸ் என்ற பேச்சே இல்லை. பேர்மிங்காமில் கம்பனி மூடியது. இங்கே வண்டி ஓடியது. கெஸ்கட் இல்லையென்றால் தடித்த அட்டையை வைத்துச் சுத்தியலால் ஓரம் தட்டி வெட்டினோம். புஷ் தேய்ந்தால் பழைய போட் பித்தளையை லேத்தில் கடைந்தோம். வால்வை அதன் இருக்கையில் வைத்து உள்ளங்கைகளுக்கு நடுவில் தடியை உருட்டி உருட்டி அரைத்தோம், சாம்பல் நிற வளையம் சுற்றிவரத் தெரியும் வரைக்கும். மெக்னெட்டோவின் பொயின்ட் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு. ஃபீலர் கேஜின் மெல்லிய தகடு அதற்குள் போகும்போது வெண்ணெயில் கத்தி போவதுபோல் ஒரு பிடிப்பு இருக்கும். அந்தப் பிடிப்பு விரலுக்குத் தெரிந்துவிட்டால் போதும், பிறகு எந்த வேலையிலும் 'சரியாகத்தான் இருக்கும்' என்று கண்ணை மூடிக்கொண்டு விட மனம் வராது.

பிள்ளைகளே, உங்களிடம் நான் சொல்ல வந்தது இதுதான். உங்களில் சிலர் கட்டாருக்குப் போவீர்கள். சிலர் கைட் சர்ஃபிங் செய்ய வரும் வெள்ளைக்காரர்களுக்கு வழிகாட்டுவீர்கள். சிலர் வாப்பா, அப்பாவோடு கடலுக்கும் வெங்காயத் தோட்டத்துக்கும் போவீர்கள். எதற்குப் போனாலும், உங்கள் சோற்றைத் தருகிற பொருளின் உள்ளே என்ன நடக்கிறது என்று திறந்து பாருங்கள். லீசிங்கில் எடுத்த வண்டிக்கு மாதாமாதம் காசு கட்டினால் புத்தகம் உங்கள் பெயருக்கு வரும். வண்டி உங்கள் கைக்கு வருவது அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த அன்றைக்குத்தான். 2022இல் வாரத்துக்கு நான்கு லீட்டர் பெற்றோல் என்று கியூஆர் அட்டையில் அளந்து தந்தார்களே, அப்போது காபரேட்டரைத் திருத்தத் தெரிந்தவன் அந்த நான்கு லீட்டரில் பாலாவிக்கும் புத்தளத்துக்கும் போய் வந்தான்.

சென்னைக்காரர் கதையும் கேட்க வேண்டியதுதான். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ், ரெடிச் ஊரின் ரோயல் என்ஃபீல்டோடு சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியா கம்பனியைத் தொடங்கியது. திருவொற்றியூரில் தொழிற்சாலை. தொடக்கத்தில் அங்கிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு ஒவ்வொரு பாகமாகத் தாங்களே செய்யக் கற்றார்கள். ரெடிச் தொழிற்சாலை 1967இல் மூடியது. 1970இல் இங்கிலாந்தில் அந்தப் பெயரே நின்றுபோனது. 1977இல் நம் தமிழ்க் கரையில் செய்த புல்லட், கப்பலேறி இங்கிலாந்துக்கே விற்பனைக்குப் போனது! இதைக் கேள்விப்பட்ட அன்று எனக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. ஆனால் அவர்களும் பிறகு அதே பழைய எஞ்சினிலேயே நெடுங்காலம் குந்தியிருந்து, 2000 அளவில் மூடும் நிலைக்கு வந்தார்கள். எஞ்சினைப் புதிதாக வரைந்த பிறகே தலை நிமிர்ந்தார்கள். ஒரு முறை கற்றது ஆயுளுக்கும் போதும் என்று யாருக்கும் எழுதித் தரப்படவில்லை.

முச்சக்கர வண்டியிலும் டீசேர்ட்டிலும் சேகுவேராவின் முகத்தை ஒட்டித் திரிகிறீர்கள். அவர் 1952இல் தென்னமெரிக்காவைச் சுற்றப் புறப்பட்டதும் ஒரு பழைய நோர்ட்டன் 500இல்தான். வழி முழுக்கக் கம்பியால் கட்டிக் கட்டி ஓட்டியும், சிலியில் அது கைவிட்டது. 1959இல் அவர் இலங்கைக்கு வந்து ஹொரணைக்குப் பக்கத்தில் யஹலகெல தோட்டத்தில் ஒரு மஹோகனிக் கன்று நட்டார். அந்தப் பக்கம் போனால் போய்ப் பாருங்கள்.

இன்னொரு இங்கிலாந்து வண்டிக்காரர் கதையை நான் கட்டாயம் சொல்ல வேண்டும். லோரன்ஸ் ஒஃப் அரேபியா என்று பெயரெடுத்த டீ.ஈ. லோரன்ஸ். நொட்டிங்காமில் ஜோர்ஜ் பிரஃப் செய்த பிரஃப் சுப்பீரியர் வண்டிகள்மேல் அவருக்கு அப்படியொரு காதல். ஏழு வண்டி வைத்திருந்தார். 1935 மே 13ஆம் திகதி, சைக்கிளில் வந்த இரண்டு பையன்களில் மோதாமல் திருப்பப்போய்த் தூக்கி எறியப்பட்டார். தலையில் ஒன்றும் போட்டிருக்கவில்லை. ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து, 46 வயதில் போய்ச் சேர்ந்தார். அவரைப் பார்த்த வைத்தியர்களில் ஒருவர் ஹியூ கேர்ன்ஸ் என்ற மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர். அவர் அதை விதி என்று விட்டுவிடவில்லை. மோட்டார் சைக்கிளில் அடிபட்டு இறந்தவர்களின் தலைக் காயங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். ஹெல்மெட் உயிரைக் காக்கும் என்று 1941இல் மருத்துவ இதழில் எழுதினார். அந்த வருடமே இங்கிலாந்து இராணுவம் தன் மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. நீங்கள் நுரைச்சோலை வரைக்கும் முழங்கையில் தொங்கவிட்டுப் போய், பொலிஸைக் கண்டதும் தலைக்கு ஏற்றுகிறீர்களே, அந்தப் பொருள் அப்படித்தான் நம்மிடம் வந்தது. தலவில திருவிழாக் காலத்தில் அந்த ரோட்டில் எத்தனை பிள்ளைகளைத் தூக்கியிருக்கிறோம். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை. வார் பூட்டாத ஹெல்மெட்டோடு என் கராஜுக்கு வருபவனுக்கு நான் காற்றுக்கூட அடித்துக் கொடுப்பதில்லை.

பழைய வண்டி தேடித் திரியும் பிள்ளைகளுக்குச் சில வார்த்தை. நம்பர் தகட்டில் ஈ.எல்., ஈ.என்., ஈ.வை., சி.எல். என்று இங்கிலீஷ் எழுத்து இருந்தால் அது சிறீ நம்பர் வருவதற்கு முந்திய பதிவு. புத்தகமும் எஞ்சின் நம்பரும் சட்டத்து நம்பரும் ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். டாங்கியில் பழைய பெயின்ட் மிச்சமிருந்தால் உரசித் தள்ளாதீர்கள். இங்கிலாந்து வண்டிகளில் கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு; முதல் நாள் ஆளில்லாத மணல் பாதையில் பழகுங்கள், பாலாவி ரோட்டில் வேண்டாம். நம் உப்புக்காற்றுக்குக் குரோமும் ஸ்போக்கும் ஒரு மாரிகூடத் தாங்காது. வாரத்துக்கு ஒரு தரம் நல்ல தண்ணீரில் கழுவி, துணியில் ஒயில் தொட்டுத் துடைத்தால் தாங்கும்.

முக்கியமாக, 12, 13 என்று மில்லிமீற்றர் ஸ்பேனரை அந்த நட்டுகளில் வைக்காதீர்கள். அவை விட்வர்த் அளவு. ஜப்பான் ஸ்பேனர் ஏறியதுபோல் இருக்கும்; பலமாகத் திருப்பினால் மூலை உருண்டு, பிறகு உளிதான் கதி. என்னிடம் முழு விட்வர்த் செட் இருக்கிறது. சனிக்கிழமை பின்னேரங்களில் கராஜ் திறந்திருக்கும், ஒரு பென்டம் எஞ்சினை மேசையில் பிரித்து வைத்திருக்கிறேன். பழைய சாரம் ஒன்று கட்டிக்கொண்டு வாருங்கள், கை கறுப்பாகும்.