கையெழுத்தும் சம்மதமும்

பிள்ளைகளைத் தொலைதூரம் அனுப்பும் பெற்றோரின் நெஞ்சில் மகிழ்ச்சியும் அச்சமும் ஒருங்கே குடியிருக்கும். நம் பாட்டனார் காலத்தில் கடல் கடந்து செல்வது பெரும்பாலும் பிழைப்பின் பொருட்டே நிகழ்ந்தது. இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறியவர்களை வறுமையே துரத்தியது. இன்றோ ஒன்பதாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தோழியரோடு விமானமேறி, அயல்நாட்டைக் கண்டு, ஆறே நாட்களில் வீடு திரும்புகிறாள். காலம் தந்த நல்வாய்ப்பு இது. ஆயின், அத்தகைய பயணத்துக்கு முன் பெற்றோரை அழைத்து நடத்தும் கூட்டத்தைப் பற்றிச் சில சொல்ல விழைகிறோம். பயணத்தின் நன்மை தீமைகளில் பெரும்பகுதி அந்த ஒரு மாலைப் பொழுதிலேயே முடிவாகிவிடுகிறது என்பது நம் எண்ணம்.

சென்ற ஆண்டு நம் பங்குப் பள்ளியிலிருந்து 26 மாணவ மாணவியர் சிங்கப்பூர் செல்ல ஏற்பாடாயிற்று. தாளாளர் என்ற முறையில் பெற்றோர் கூட்டத்தில் நாமும் அமர்ந்திருந்தோம். பயண நிறுவனத்திலிருந்து வந்தவர் திரையில் வண்ணப் படங்கள் பல காட்டினார். வந்திருந்தோருள் பேருந்து ஓட்டுநர் இருந்தார், கொத்தனார் இருந்தார், பீடி சுற்றும் தாய்மார் இருந்தனர், செவிலியரும் ஆசிரியரும் இருந்தனர். படக்காட்சி முடிந்ததும் ஆங்கிலத்தில் அச்சிட்ட நான்கு பக்கப் படிவமொன்றை அனைவர்க்கும் வழங்கி, கையோடு பேனாவையும் கொடுத்தார்கள். பலர் கடைசிப் பக்கத்தைப் புரட்டிக் கையெழுத்திட வேண்டிய இடத்தைத் தேடத் தொடங்கினர்.

அப்போது பின் வரிசையிலிருந்து ஒரு பாட்டி எழுந்து, “சாமி, மகன் துபாயில இருக்கான். மருமகளுக்கு ஆஸ்பத்திரியில நைட் டூட்டி. இந்தத் தாள்ல என்ன எழுதியிருக்குன்னு அவ கேட்டா, நான் என்னன்னு சொல்லுவேன்?” என்று கேட்டார்.

சிலர் நகைத்தனர். ஆனால் அம்மன்றத்தில் அன்று கேட்கப்பட்ட கேள்விகளுள் தலையாயது அதுவே. பேனாக்களைக் கீழே வைக்கச் சொன்னோம். ஆங்கில ஆசிரியை ஒருவர் படிவத்தை வரி வரியாகப் படித்துத் தமிழில் விளக்கினார். ஒன்றரை மணி நேரம் சென்றது. குறிப்பிட்ட நாளுக்குப் பின் விலகினால் கட்டிய பணம் திரும்பாது என்று ஒரு விதி. அவசர அறுவை மருத்துவம் தேவைப்பட்டுப் பெற்றோரைத் தொலைபேசியில் அடைய இயலாவிடில், உடன் செல்லும் ஆசிரியரே ஒப்புதல் தரலாம் என்று மற்றொரு விதி. என்ன நேரினும் எவரும் பொறுப்பில்லை என்று மூன்றாவது விதி. முதல் இரண்டையும் காரணம் அறிந்தபின் பெற்றோர் ஏற்றனர். மூன்றாவதை எவரும் ஏற்கவில்லை. யார் எதற்குப் பொறுப்பு என்று தெளிவாகக் குறித்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் புதிய படிவம் வந்த பிறகே கையெழுத்து என்று முடிவாயிற்று.

பொருள் விளங்கியபின் பெற்றோரின் நா கட்டவிழ்ந்தது. கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இத்தகைய கூட்டங்களில் எல்லோரும் அறிய வேண்டியவை சில அவற்றுள் உண்டு. பதினெட்டு வயது நிரம்பாதோரின் பாஸ்போர்ட்டுக்குத் தாய் தந்தை இருவரின் உறுதிமொழியும் வேண்டும். இருவருள் ஒருவரின் ஒப்புதலைப் பெற இயலாத குடும்பங்களுக்கெனத் தனிப் படிவம் இருக்கிறது. கணவன் கைவிட்ட பெண்கள் இதை அறியாமல் மனம் சோர்ந்து விடுகின்றனர். சிங்கப்பூருக்குள் நுழையும் நாளிலிருந்து பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருத்தல் வேண்டும். அந்நாட்டு நேரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முந்தியது. நமக்கு இரவு ஏழு மணியாகும்போது அங்கு ஒன்பதரை. நம் 108 அங்கு உதவாது. ஆம்புலன்சுக்கு 995, காவல்துறைக்கு 999. ஞாயிறு பூசைக்கு வழியுண்டா என்று ஒரு தாய் கேட்டார். தமிழ்க் கத்தோலிக்கருக்கென 1888-இல் எழும்பிய லூர்து அன்னை ஆலயம் அந்நகரின் ஓபீர் சாலையில் இன்றும் நிற்கிறது என்றதும் அவர் முகம் மலர்ந்தது.

பொட்டலம் பற்றிய பேச்சு நீண்டது. அயல்நாட்டில் உறவினர் உள்ள குடும்பங்கள் நம்மிடையே மிகுதி. “தம்பி போறானே, சித்திக்கு ஒரு சின்னப் பொட்டலம் கொடுத்துவிடலாமா?” என்ற ஆசை இயல்பானது. ஆனால் போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனையும் விதிக்கும் நாடு சிங்கப்பூர். பையைக் கொண்டு செல்பவரே அதிலுள்ள பொருளுக்குப் பதில் சொல்ல நேரும். நம் சமையலறைக் கசகசாகூட அந்நாட்டுப் போதைப்பொருள் தடுப்புத் துறையின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. சூயிங்கம் இறக்குமதிக்கு 1992 முதல் அங்கே தடை உண்டு. ஆகவே பிறர் தரும் எதையும், அது பெற்ற பாட்டி தரும் மசாலாப் பொடியே ஆயினும், எந்தப் பிள்ளையும் எடுத்துச் செல்லலாகாது என்று கூட்டமே ஒருமனதாக விதி செய்தது. பள்ளி விதித்திருந்தால் மனத்தாங்கல் எழுந்திருக்கும். தாமே வகுத்ததாகையால் எல்லோரும் அதைக் காத்தனர்.

நீர்நிலைகளுக்கு அருகே செல்வார்களா, அங்கே பிள்ளைகளைக் கண்காணிப்பவர் யார் என்று ஒரு தந்தை கேட்டார். கேட்க வேண்டிய கேள்வியே. 2014 ஜூன் 8 அன்று இமாசலப் பிரதேசத்தில், ஐதராபாத்திலிருந்து சுற்றுலா சென்ற பொறியியல் மாணவர் 24 பேரைப் பியாஸ் ஆறு வாரிச் சென்றது. அவர்கள் ஆற்றில் இறங்கி நின்ற வேளையில் லார்ஜி அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது. இத்தகைய நிகழ்ச்சிகளைச் சொல்லி அச்சுறுத்துவது நம் நோக்கமன்று. எந்த நாளில் எந்த இடம், எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை பெரியவர்கள், மாணவியர் அறைக்கு அருகே தங்கும் ஆசிரியை யார் என்பனவெல்லாம் எழுத்தில் இருந்தால், கவனம் தானே வந்து சேரும்.

எல்லோரும் சென்ற பின்னர் ஒரு தந்தை மட்டும் தாழ்வாரத்தில் காத்து நின்றார். மகனுக்கு வலிப்பு நோய் உண்டு என்றும், இரண்டு ஆண்டுகளாக மாத்திரையால் கட்டுப்பட்டிருக்கிறது என்றும் தணிந்த குரலில் சொன்னார். “சொன்னா கூட்டிட்டுப் போக மாட்டாங்கன்னு வீட்டுல சொல்ல வேண்டாம்னாங்க, சாமி. நீங்க ஒவ்வொரு வரியா வாசிச்சதைக் கேட்டதும் மறைக்க மனசு வரல” என்றார். மறுநாளே மருத்துவரின் சான்று கேட்டோம். சிலவகை மருந்துகளைக் கொண்டு செல்ல அந்நாட்டுச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தேவைப்படும். மாத்திரையின் பெயரைக் கொண்டு அதையும் சரிபார்த்தார்கள். மருந்து அதன் அட்டையோடும் மருத்துவரின் சீட்டோடும் கைப்பையிலேயே இருக்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கலாகாது, கையில் இரும்பைக் கொடுப்பதால் பயனில்லை, ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவமனைக்கு விரைய வேண்டும் என்பனவற்றை உடன் செல்லும் ஆசிரியர்கள் கற்றுக்கொண்டனர். அம்மாணவன் நலமே சென்று நலமே திரும்பினான். அவன் தந்தை வாய் திறவாதிருந்து, விமானத்திலோ விடுதியிலோ அவனுக்கு வலிப்பு கண்டிருந்தால்? எண்ணவே நெஞ்சம் நடுங்குகிறது.

பணத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தலைக்கு 78,000 ரூபாய் என்பது பல இல்லங்களில் தாலிக்கொடியை அடகுக்கு அனுப்பும் தொகை. பிள்ளையின் ஏக்கத்தையும் அயலாரின் பேச்சையும் அஞ்சி, இயலாத பெற்றோரும் தலையசைத்து விடுகிறார்கள். ஆகவே முடிவு சொல்ல ஏழு நாள் அவகாசம் தரப்பட்டது. வேண்டாம் என்போர் வகுப்பாசிரியரிடம் மட்டும் சொன்னால் போதும்; காரணம் கேட்கப்படமாட்டாது; பெயர்கள் வகுப்பில் வாசிக்கப்படமாட்டா. எட்டாம் நாள் 26 பேர் 23 பேராயினர். அம்மூன்று இல்லங்களில் ஒன்றின் தாய் பின்னொரு நாள் நம்மைக் கண்டு, “அந்த ஏழு நாள் இல்லேன்னா என் வளையல் போயிருக்கும், சாமி” என்றார். மறுப்பதற்கு வழியே இல்லாத இடத்தில் பெறும் சம்மதத்தைச் சம்மதம் என்று எவ்வாறு அழைப்பது?

நற்செய்தியில் லூக்கா எழுதும் ஒரு பயணத்தை நாம் அனைவரும் அறிவோம். பாஸ்கா விழா முடிந்து ஊர் திரும்பும்போது, பன்னிரண்டு வயதுச் சிறுவன் இயேசு கூட்டத்தாரோடு வருகிறார் என்றெண்ணி மரியாவும் சூசையும் ஒரு நாள் வழி நடந்துவிட்டனர். எவரிடமாவது இருப்பார் என்று எல்லோரும் எண்ணிய வேளையில் அவர் எவரிடமும் இல்லை. அவரைக் கண்டடைய மூன்று நாட்களாயின. திருக்குடும்பத்துக்கே நேர்ந்தது இதுவெனில், நம் குடும்பங்களுக்கு நேராது என்று சொல்வார் யார்? பள்ளி பார்த்துக்கொள்ளும் என்று பெற்றோரும், பெற்றோர் கையெழுத்திட்டார்களே என்று பள்ளியும், விதியில் எழுதியிருக்கிறதே என்று நிறுவனமும் எண்ணியிருந்தால், இடையே பிள்ளை தனித்து விடப்படும்.

ஆதலின், பெற்றோரே, அடுத்தமுறை பள்ளியிலிருந்து இத்தகைய அழைப்பு வருமாயின், வேலையை ஒருநாள் ஒதுக்கியாவது செல்லுங்கள். விளங்காத தாளில் கையெழுத்திடாதீர்கள். கேட்பதற்கு நாணாதீர்கள், பிள்ளையின் நோயை மறைக்காதீர்கள், இயலாததை இயலாது என்று சொல்லத் தயங்காதீர்கள். கூட்டம் நடத்துவோரும் பேனாவை எடுத்து நீட்டும் முன், பெற்றோர் பேசி முடிக்கும்வரை பொறுத்திருப்பார்களாக.