ஒரு வினாடியில் ஐந்து அறிவுரை



போன வாரம் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, "சார், நீங்களும் கோல்ஃப் ஆட ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். இல்லை. என் கையில் இருந்தது பேத்தியின் மட்டை. பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான். ஆனால் டெக்சாஸில் மகள் வீட்டுக்கு வந்த இந்த நான்கு மாதத்தில், வாரம் இரண்டு மாலை அந்தப் பயிற்சித் திடலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன். 34 வருடம் இயற்பியல் நடத்தியவன் சும்மா பார்த்துக்கொண்டு இருப்பானா? சொல்ல நிறைய சேர்ந்துவிட்டது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிரைவிங் ரேஞ்ச் என்பார்கள். ஒரு வாளிப் பந்துக்குக் காசு கட்டிவிட்டு, வரிசையாக நின்று எதிரே உள்ள புல்வெளியில் அடித்துத் தள்ள வேண்டியதுதான். பந்தைப் பொறுக்கப் போக வேண்டாம். வரிசையாக நிற்பதால் ஒருவர் அடிப்பதை இன்னொருவர் பார்க்காமல் இருக்க முடியாது. பார்த்தால் சொல்லாமல் இருக்கவும் முடியாது. நம் ஊரில் பஸ்ஸில் இரண்டு தடவை இருமினால் பக்கத்து சீட்டுக்காரர் கஷாயம் சொல்வார் இல்லையா, அதே கதைதான். "தலையைத் தூக்காதே." "இடது கையை மடக்காதே." "பந்தையே பார்." "மெதுவா வீசு." "முழங்காலை வளை." சொல்பவரின் பந்து பக்கத்து மரத்தில் போய் விழுந்திருக்கும், அது வேறு விஷயம்.

ஒரு கணக்கு பாருங்கள். மட்டையைப் பின்னால் கொண்டுபோய்த் திரும்ப இறக்கிப் பந்தை அடிக்க ஆகும் மொத்த நேரம் ஏறக்குறைய ஒரு வினாடி. அதில் இறங்குவது மட்டும் கால் வினாடி அளவு. மட்டையும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு வினாடியில் சுமார் 2000-இல் ஒரு பங்கு. இந்த ஒரு வினாடிக்குள் ஐந்து அறிவுரையை ஒரு மனிதன் எங்கே வைத்துக்கொள்வான்?

இரண்டாவது சங்கடம் இன்னும் பெரியது. பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது விளைவு, காரணம் அல்ல. புதிதாக ஆடும் வலக்கைக்காரர்கள் பெரும்பாலோருக்குப் பந்து வலப்பக்கம் வளைந்து போகும். ஸ்லைஸ் என்று பெயர். பக்கத்தில் நிற்பவர் உடனே, "வலது பக்கம் போகுதா? கொஞ்சம் இடது பக்கமாப் பார்த்து அடி" என்பார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் மட்டையின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது, மட்டை எந்தப் பாதையில் போகிறது என்ற இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பந்தைச் சுழற்றி வளைக்கிறது. இவர் இடப்பக்கம் திரும்பி நின்றதும் மட்டையின் பாதை இன்னும் இடப்பக்கம் போகிறது. முகம் மட்டும் பழையபடி இலக்கைப் பார்க்கிறது. வித்தியாசம் கூடுகிறது, பந்து முன்னைவிட அதிகமாக வளைகிறது. அதற்கு மறுபடி என்ன வைத்தியம்? "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்." இப்படியே 20 வருடம் ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

"தலையைத் தூக்காதே" என்பதும் அப்படித்தான். அன்னிகா சோரன்ஸ்டாம் என்ற ஸ்வீடன் நாட்டு வீராங்கனை மட்டை பந்தைத் தொடும்போதே தலையை இலக்குப் பக்கம் திருப்பிவிடுவார். 10 பெரிய பட்டங்கள் வென்றவர். 2001-இல் பிரிட்டிஷ் ஓபனில் வென்ற டேவிட் டுவாலும் அதே மாதிரிதான். தலை பாவம், அது ஒரு குற்றமும் செய்யவில்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் பேத்தி. வயது 10. மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர், நல்ல மனிதர், தம் பழைய மட்டை ஒன்றை அவளுக்காக அறுத்துக் குட்டையாக்கிக் கொடுத்தார். கூடவே பாடமும் கொடுத்தார். பந்தின் உச்சியில் பட்டுத் தரையோடு உருளும் ஒவ்வொரு அடிக்கும் "தலை, தலை" என்பார். மாப்பிள்ளையும் "தலை" என்பார். பக்கத்தில் அடித்துக்கொண்டிருந்த முன்பின் தெரியாத ஒருவரும் ஒரு நாள் சொன்னார். எனக்குக் கோல்ஃப் தெரியாது, அதனால் வாயைத் திறக்கவில்லை. ஒரு மாலை காரில் வரும்போது அவள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "தாத்தா, எனக்கு இது வராது. என் தலைதான் பிரச்சினையாம்."

அந்த வார்த்தையை நான் வேறு இடத்தில் கேட்டிருக்கிறேன். "உனக்குக் கணக்கு வராது" என்று யாரோ எப்போதோ சொன்னதை நம்பிக்கொண்டு பதினோராம் வகுப்பில் என் முன்னால் வந்து உட்கார்ந்தவர்கள் உங்களில் எத்தனை பேர்! பாடம் நடத்துவது சுலபம். அந்த ஒரு வாக்கியத்தை எடுக்கத்தான் எனக்கு அரைப் பருவம் போகும். அன்றிரவே மகளிடம், முறையாகக் கற்றுக்கொடுக்கிறவர் யாராவது இருந்தால் ஒரே ஒரு வகுப்புக்கு அழைத்துப் போகலாம் என்றேன். "அவ்வளவு காசா!" என்று மாப்பிள்ளை கொஞ்சம் தயங்கினார். நானும் அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு, பெருக்கியிருக்கவே வேண்டாம் என்று நினைத்தேன்.

வந்தவர் 50 வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. பி.ஜி.ஏ. சான்று பெற்றவர். தொலைக்காட்சியில் ஆடுகிறவர்களின் அமைப்பு வேறு, இது வேறு. இது மன்றங்களில் வேலை பார்க்கிற, கற்றுக்கொடுக்கிற கோல்ஃப் தொழிலாளர்களின் சங்கம். 1916-இல் தொடங்கியது. தலைமையகம் 2022 முதல் இங்கே பக்கத்தில் ஃபிரிஸ்கோவில்தான் இருக்கிறது. உறுப்பினர் ஆக, ஆடிக் காட்டித் தேற வேண்டும். பிறகு கற்பிக்கும் முறை, விதிகள், மட்டைகள் பற்றியெல்லாம் கட்டம் கட்டமாகப் படித்துத் தேற வேண்டும். நம் ஆசிரியர் பயிற்சி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மா முதலில் கேட்டது, "வேறு என்ன விளையாடுவாய்? எங்கேயாவது வலிக்கிறதா?" பிறகு எட்டுப் பந்து அடிக்கச் சொன்னார். எட்டுக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அப்புறம் அந்த அறுத்த மட்டையை வாங்கி உள்ளங்கையில் எடை பார்த்தார். சிரித்தார். பெரியவர்கள் மட்டையை நீளத்தில் குறைக்கலாம், முனையின் எடை குறையாது. அந்தக் கனத்தைச் சுழற்ற முடியாமல் குழந்தை உடம்பையே எழுப்பி வீசியிருக்கிறது. உடம்பு எழுந்தால் தலையும் எழும்தானே? சிறுவர்களுக்கான இலேசான மட்டை ஒன்றைக் கொடுத்தார். கைப்பிடி உள்ளங்கையில் கிடந்ததை எடுத்து விரல்களுக்கு நகர்த்தி வைத்தார். அன்றைய பாடம் அவ்வளவே.

"தலையை?" என்று பேத்திதான் கேட்டாள்.

"அது பாட்டுக்கு வரும், விடு" என்றார்.

அடுத்த பத்துப் பந்தில் ஆறு பறந்தன. நான்கு பழையபடி உருண்டன. உருண்டதற்கும் அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்குத்தான் அவ்வளவு காசு வாங்குகிறார் போலிருக்கிறது என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன்.

அவருக்கு விளையாட்டாக இருந்தது, நான் உண்மையாகத்தான் சொன்னேன். இதே டெக்சாஸில், ஆஸ்டின் நகரத்தில், ஹார்வி பெனிக் என்று ஓர் ஆசிரியர் இருந்தார். டாம் கைட், பென் கிரென்ஷா இருவரும் சிறுவர்களாக அவரிடம் சேர்ந்தவர்கள். ஒருவருக்குச் சொல்லிக்கொடுப்பதை இன்னொருவர் கேட்க விடமாட்டாராம். அவனுக்கான மருந்து இவனுக்கு ஆகாது என்பது அவர் எண்ணம். பல பத்தாண்டுகளாக ஒரு சிவப்பு நோட்டில் குறிப்பு எழுதி வைத்திருந்து, 1992-இல்தான் அதைப் புத்தகமாக்கினார். 1995 ஏப்ரலில் அவர் இறந்தார். கிரென்ஷா இறுதிச் சடங்கில் பெட்டியைச் சுமந்துவிட்டுப் போய், அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றார். கடைசிப் பந்து குழியில் விழுந்ததும் முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்து அழுகிற காட்சி இணையத்தில் இருக்கிறது. வாத்தியார்கள் யாராவது இருந்தால் பாருங்கள்.

இதை மாப்பிள்ளையின் நண்பரிடம் சொன்னபோது அவர் விடவில்லை. "பப்பா வாட்சன் யாரிடமும் பாடம் கேட்காமல் மாஸ்டர்ஸை இரண்டு முறை ஜெயித்தாரே, 2012, 2014?" என்றார். உண்மைதான். ஆனால் வாட்சன் யாரிடமும் கேட்கவில்லை, திடலில் நிற்கும் ஐந்து பேரிடமும் கேட்கவில்லை. அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இன்னொரு பக்கம் நிக் ஃபால்டோ. ஏற்கெனவே பேர் பெற்ற ஆட்டக்காரர், டேவிட் லெட்பெட்டர் என்ற ஒரே ஆசிரியரிடம் போய்த் தம் வீச்சை முழுக்கப் பிரித்து மறுபடி கட்டினார். இடையில் ஆட்டம் தடுமாறியது, பத்திரிகைகள் கிண்டல் செய்தன. 1987-இல் பிரிட்டிஷ் ஓபன் அவருக்கு.

சான்றிதழ் உள்ளவர்கள் தவறே செய்வதில்லை என்று நான் சொல்ல வரவில்லை. பந்து கிளம்பும் திசையைத் தீர்மானிப்பது மட்டையின் பாதை என்று பயிற்சிக் கையேடுகளே வெகுகாலம் எழுதிவந்தன. 2000-க்குப் பிறகு ரேடார் கருவிகள் புழக்கத்துக்கு வந்தபோது, அந்தத் திசையில் பெரும்பங்கு மட்டை முகத்தினுடையது என்று தெளிவாயிற்று. கையேட்டைத் திருத்தினார்கள், பழைய ஆசிரியர்கள் புதிதாகப் படித்தார்கள். நம் பாடநூலில் பிழை இருந்தால் எழுதிப் போட ஒரு முகவரி இருக்கும், பாருங்கள். திடலில் சும்மா சொல்லிவிட்டுப் போகிறவருக்கு அந்த முகவரி கிடையாது. அவர் சொன்னது தவறு என்று அவருக்கே தெரியப்போவதில்லை.

நண்பர் இன்னும் வருகிறார், பேத்தியிடம் இன்னும் "தலை" என்கிறார். அவள் "சரி அங்கிள்" என்று சொல்லிவிட்டு விரல்களைச் சரிபார்த்துக்கொள்கிறாள். மாப்பிள்ளை வரும் வியாழக்கிழமைக்குத் தமக்கே ஒரு வகுப்பு பதிவு செய்திருக்கிறார். ஸ்லைஸ்தான்.

கோவையிலிருந்தும் சென்னையிலிருந்தும் இரண்டு பேர், பிள்ளைகளை எங்கே சேர்க்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். நம் நாட்டில் பயிற்சியாளர்களுக்குச் சான்று கொடுப்பது நேஷனல் கோல்ஃப் அகாடமி ஆஃப் இந்தியா, அது இருக்கிறதா என்று கேளுங்கள். நீச்சலோ கிரிக்கெட்டோ ஆனாலும் இதே மாதிரி விசாரியுங்கள். சேர்ப்பதற்கு முன் ஒரு நாள் பின்னால் உட்கார்ந்து, அவர் வாயைத் திறக்கும் முன் எத்தனை பந்து பார்க்கிறார் என்று எண்ணுங்கள். நல்லவர் யாரையாவது கண்டால் கீழே எழுதுங்கள், அடுத்த மாதம் ஊருக்கு வந்ததும் நானும் போய்ப் பார்க்கிறேன்.