மூன்றடி

பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் சுவர் விழுந்ததற்கு ஜேசிபி ஓட்டிய பையன் காரணம் இல்லை. நான்தான் காரணம். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் நான் சொன்னது பொய். அதை இப்போது எழுத்தில் வைக்கிறேன்.

2021-ல் அணைக்கட்டுப் பக்கம் எங்கள் பழைய வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறைகளும் ஒரு கழிப்பறையும் சேர்த்துக் கட்டினேன். செப்டிக் டேங்குக்குப் பள்ளம் எடுக்க வேண்டும். ஆள் வைத்துத் தோண்டினால் நான்கு நாள் ஆகும், வண்டி வந்தால் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்றார் மேஸ்திரி. பக்கத்து ஊரில் கடன் வாங்கி வண்டி எடுத்திருந்த ஒருவருக்குப் போன் போட்டேன். நான் கேட்டது ஒரே கேள்விதான்: மணிக்கு எவ்வளவு? 1,100 ரூபாய், குறைந்தது இரண்டு மணி நேரம் என்றார். சரி என்றேன். எங்கே தோண்டுவது, எவ்வளவு ஆழம், எடுத்த மண் எங்கே போகும், பக்கத்து வீட்டுக்குச் சேதம் வந்தால் யார் பொறுப்பு, எதையும் பேசவில்லை. ஒரு துண்டுச் சீட்டில்கூட எழுதவில்லை. தெரிந்த ஆள்தானே என்ற நினைப்பு.

எங்கள் பக்கத்தில் மஞ்சள் வண்டி எந்தக் கம்பெனியுடையதானாலும் ஜேசிபிதான். ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்ற ஆங்கிலேயர் 1945-ல் தொடங்கிய கம்பெனி அது. அவர் பெயரின் முதலெழுத்துகள்தான் ஜே.சி.பி. பேப்பரில் எழுதுகிற பொக்லைன் என்பதும் ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர். நான் பள்ளிக்கூட வாத்தியார். இதையெல்லாம் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அன்று வண்டியோடு வந்த பையனும் என்னிடம் படித்தவன்தான்.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை, அக்டோபர் 30. நான் சுண்ணாம்பில் கோடு போட்டு வைத்திருந்தேன். நீளம் பத்தடி, அகலம் ஏழு, ஆழம் எட்டு. பெரியம்மாவின் அடுப்படிச் சுவருக்கும் என் கோட்டுக்கும் இடையில் மூன்றடி. அவன் வண்டியை விட்டு இறங்கிவந்து சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். கையாலேயே மண்ணைக் கொஞ்சம் பறித்து அஸ்திவாரத்தைப் பார்த்தான். இரண்டடி ஆழத்துக்குக் கருங்கல்லும் சேறும், அவ்வளவுதான். கையைத் தட்டிக்கொண்டு எழுந்து, "சார், இது மண்ணு செவுரு. எட்டடி எடுத்தா தாங்காது. அந்தத் தென்ன மரத்துப் பக்கம் தள்ளிக்கலாம் சார்" என்றான்.

தென்னை மரத்துப் பக்கம் தள்ளினால் கார் நிறுத்த இடம் போய்விடும். வாயு மூலையை விட்டு விலகுகிறது என்ற மனக்குறை வேறு. "போட்ட கோட்டுல எடுப்பா, மீட்டர் ஓடிக்கிட்டு இருக்கு" என்றேன். அவன் மறுபடியும் சுவரைப் பார்த்தான். பிறகு ஏறி உட்கார்ந்து ஜாக்கியை ஊன்றினான்.

அடுத்தது மண். 560 கன அடி என்றால் ஐந்து யூனிட்டுக்கு மேல். எடையில் ஏறக்குறைய 25 டன். டிராக்டர் வைத்து ஏற்றிவிட்டால் வாடகை ஆகும் என்று, பள்ளத்துக்கும் சுவருக்கும் நடுவிலும் சுவரோரம் நீளமாகவும் கொட்டச் சொன்னேன். "அங்க வேணாம் சார்" என்று அப்போதும் சொன்னான். கட்டு முடிந்ததும் சுற்றி நிரப்ப வேண்டியதுதானே என்று நான் அடித்துப் பேசினேன். ஏழு டன்னுக்கு மேல் இருக்கும் அந்த வண்டியும் அதே ஓரத்தில்தான் நின்று வேலை செய்தது.

தீபாவளிக்குப் போன கொத்தனார்கள் திரும்பி வரவில்லை. மழை பிடித்துக்கொண்டது. உள்சுவர் எழும்பாமல், முட்டுக் கொடுக்காமல், பள்ளம் இருபது நாள் வாயைத் திறந்து கிடந்தது. தண்ணீர் நிறையும், மோட்டார் வைத்து இறைப்பேன், மறுபடி நிறையும். இறைக்க இறைக்க ஓரத்து மண் கரைந்து உள்ளே சரிந்ததைக் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் பெரியம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நவம்பர் 18 இரவு, கார்த்திகை தீபத்துக்கு முந்தின நாள், சுவர் பள்ளத்துக்குள் விழுந்தது. மூன்றடி மண்ணும், அதன்மேல் கிடந்த குவியலும், சுவரும், பாதிக் கூரையும் ஒன்றாகப் போயின. பெரியம்மா முன்னறையில் படுத்திருந்தார். மழைக்காலத்தில் கதகதப்புக்காக அடுப்படியிலேயே படுப்பவர், அன்று ஒழுகுகிறது என்று பாயை முன்னால் இழுத்துப் போட்டிருந்தார். அவர் உயிர் தப்பியதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

மறுநாள் விடிந்ததும் பேரணாம்பட்டுச் செய்தி வந்தது. அதே மழையில் அங்கே ஒரு வீட்டின்மேல் சுவர் இடிந்து விழுந்து 9 பேர் இறந்துவிட்டார்கள், அதில் 4 பேர் குழந்தைகள். டிவியில் அதைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. ஈரத்தின் கனம் ஒரு சுவரை என்ன செய்யும் என்று எங்கள் தோல் பட்டறைப் பகுதி ஆட்களுக்குத் தெரியாததில்லை. 2015 ஜனவரி 31-ல் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். அந்தச் செய்தியை நான் வகுப்பில் படித்துக் காட்டியிருக்கிறேன்.

கை நடுங்கிய மனுஷன் அன்றே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வேப்ப மரத்தடியில் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் உட்கார்ந்தபோது, "நான் தள்ளி எடுக்கத்தான் சொன்னேன். மரத்தைச் சுத்தி வண்டிய திருப்ப சோம்பப்பட்டு அவன் இங்க எடுத்துட்டான். மண்ணையும் அவனாத்தான் கொட்டினான்" என்றேன். யோசித்துக்கூடச் சொல்லவில்லை, தானாக வாயில் வந்தது. அவன் எழுந்து, "சார் கோடு போட்ட எடத்துலதான் எடுத்தேன்" என்றான். "வாத்தியாரு பொய் சொல்லுவாராடா?" என்று ஒருவர் அதட்டினார். அவன் என்னைப் பார்த்தான். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அவன் எதுவும் பேசவில்லை.

வண்டிக்காரர் 25,000, நான் 10,000 என்று முடிந்தது. வண்டிக்காரர் அந்த 25,000-த்தையும் பையன் கணக்கில் எழுதினார். சம்பளத்திலும் பேட்டாவிலும் மாதாமாதம் பிடித்து, கடைசியில் வேலையை விட்டும் நிறுத்திவிட்டார். வாத்தியார் வீட்டிலேயே இப்படிச் செய்தவன் என்று பெயர் கெட்டுவிட்டதால் அக்கம்பக்கத்தில் வேறு வண்டியும் கிடைக்கவில்லை. அவன் மனைவி விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போய்வருகிற பெண். அவனும் ஆம்பூரில் ஒரு தோல் பட்டறைக்குப் போனான்.

போன வருடம் பள்ளிகொண்டா பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். "நல்லா இருக்கீங்களா சார்?" என்று எழுந்து நின்றான். சுண்ணாம்புக் குழி வேலை. விரல் நுனிகள் வெளுத்து, நகத்தைச் சுற்றித் தோல் உரிந்திருந்தது. என் சுவரோரம் மண்ணைப் பறித்துப் பார்த்த அதே விரல்கள். அன்றும் நான் வாய் திறக்கவில்லை. பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன்.

அதன் பிறகுதான் சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு வக்கீல் நண்பரிடம் உட்கார்ந்து கேட்டேன். 1882-ஆம் வருடத்து இந்திய ஈஸ்மென்ட் சட்டத்திலேயே இருக்கிறது: ஒருவர் நிலத்துக்குப் பக்கத்து நிலத்து மண் இயல்பாகக் கொடுக்கும் தாங்குதல் அவருடைய உரிமை. கட்டடத்தின் பாரத்தோடு அந்தத் தாங்குதலை 20 ஆண்டு தடையில்லாமல் அனுபவித்திருந்தால் அதுவும் உரிமையாகிவிடும். பெரியம்மாவின் சுவருக்கு வயது நாற்பதுக்கு மேல். என் பட்டாவுக்குள் இருந்த மண்தான். ஆனால் அதைப் பறித்துவிடும் அதிகாரம் எனக்கு இல்லை. பள்ளம் எடுப்பதற்கான இந்தியத் தரநிர்ணய விதி ஐஎஸ் 3764, ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழம் போனால் பக்கங்களுக்கு முட்டுக் கொடுக்கச் சொல்கிறது. நான் எடுத்தது இரண்டரை மீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. இந்தப் புத்தகங்களைப் படிக்காத பையன் அத்தனையையும் குத்துக்காலிட்டுப் பார்த்தே சொல்லியிருந்தான்.

பெரியம்மாவிடம் போய்ச் சொன்னேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார், நிறுத்தவில்லை. "எனக்கு அன்னிக்கே தெரியும்பா. மண்ண இங்க கொட்டுனு நீ சொன்னத நான் உள்ள இருந்து கேட்டுக்கினுதான் இருந்தேன்" என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "பக்கத்துல இருக்கிறவன் நீ. ராத்திரில எனக்கு ஒண்ணுன்னா உன் கதவத்தானே தட்டணும்?"

அவர் அடுப்படி இன்றும் ஷீட் போட்ட மறைப்புதான். இந்தக் கோடையில் அந்தச் சுவரை என் செலவில் செங்கல்லில் எழுப்பித் தருகிறேன். பையனுக்கு 25,000 ரூபாயைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டான். அவன் இழந்த சம்பளத்துக்கு அது ஈடாகாது, பெயருக்கு ஈடாகவே ஆகாது.

அன்று வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்த பெரியவர்களையும், வண்டி வைத்திருக்கும் எல்லாரையும் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பையன் அன்று சொன்னதுதான் உண்மை. மண் தெரிந்த கைக்காரன். அவனைக் கூப்பிட்டு வண்டியைக் கொடுங்கள்.